பாடசாலைச் சுற்றுலாவும் கமக்காரரும்



பாடசாலைகளிலே சுற்றுலாக் காலம் வந்ததும் பிள்ளைகள் கையில் ஒரு கடிதத்துடன் வீடு வருவர். இன்ன நாளில் இன்ன இடங்களுக்குச் சுற்றுலா செல்வதாகவும், பஸ் வண்டிக்கும் உணவுக்கும் இவ்வளவு பணம் வேண்டுமென்றும், பெற்றோர் ஒப்பமிட்டு அனுப்புமாறும் அக்கடிதத்தில் எழுதப்பட்டிருக்கும். மாதச் சம்பளம் பெறும் வீட்டிலே அஃது ஒரு சிறு செலவாகலாம். கமக்காரர் வீட்டிலோ அது விதை வெங்காயத்துக்கோ பசளைக்கோ ஒதுக்கி வைத்த பணமாகும். எனினும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பெற்றோர் எவ்வாறாயினும் அப்பணத்தைக் கொடுத்து விடுகின்றனர்.

அப்பணத்துக்குப் பிள்ளை எதனைப் பெற்று வருகின்றது என்பதே இத்துண்டுப் பிரசுரத்தின் பொருள். 2020 ஆம் ஆண்டிலே கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022 ஆம் ஆண்டிலே எரிபொருட் தட்டுப்பாட்டினால் வண்டிகள் ஓடவில்லை. அவ்வாண்டுகளில் ஒரு சுற்றுலாவையும் காணாமலே மேல் வகுப்புக்குச் சென்ற பிள்ளைகள் பலர். சுற்றுலாக்கள் மீண்டும் நடைபெறுகின்ற இக்காலத்தில், அவற்றைப் பயனுள்ளவையாக்கும் வழியை ஆசிரியர் மட்டுமன்றிக் கமக்காரரும் அறிந்திருத்தல் நன்று. ஏனெனில் நீங்கள் பிள்ளையை அனுப்பும் பெற்றோர். சில வேளைகளிற் பிறர் பிள்ளைகளை உங்கள் வயலில் வரவேற்கும் விருந்தினரும் நீங்களே.

பயன் தராத ஒரு பயணம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், எனது பிரிவிலுள்ள ஒரு பாடசாலையினர் கல்விச் சுற்றுலா ஒன்றுக்கு என்னையும் துணைக்கு அழைத்தனர். நாற்பதுக்கு மேற்பட்ட மாணாக்கர். இரவு பத்து மணிக்குப் பஸ் வண்டி புறப்பட்டது. மறுநாள் ஒரே பகலிற் கோயில், பூந்தோட்டம், விலங்குச் சாலை, கடற்கரை ஆகியவற்றுடன் ஓர் ஆராய்ச்சி நிலையமும் பார்ப்பதற்குக் குறிக்கப்பட்டிருந்தது. ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தபோது உச்சி வெயில். எமக்கு எஞ்சியிருந்தது நாற்பது நிமிடம். அங்குள்ள உத்தியோகத்தர் அன்புடன் விளக்கம் கூறினார். முன்னே நின்ற பத்துப் பேருக்கு அது கேட்டது. பின்னே நின்றவர்கள் அறிவித்தற் பலகையில் இருந்ததைக் கொப்பியிற் பார்த்தெழுதினர். பலர் நித்திரை மயக்கத்தில் நின்றனர்.

அடுத்த வாரம் ஒரு தகப்பனார் என்னைத் தெருவிலே மறித்து, "தம்பி, கத்தரிக்காய் விற்ற காசிலே மகனை அனுப்பினேன். என்ன கண்டாய் என்று கேட்டால், பெரிய மெசின் ஒன்று கண்டேன் என்கிறான். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நீரும் கூடப் போனீர்தானே?" என்றார்.

எனக்கு மறுமொழி கூறத் தெரியவில்லை. குற்றம் பிள்ளையிடத்தில் இல்லை. ஆராய்ச்சி நிலையத்தாரிடத்திலும் இல்லை. பிள்ளைகள் எதனைப் பார்க்கப் போகின்றனர் என்பதை நான் முன்னதாக அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் எதனை அறிய விரும்புகின்றனர் என்று கேட்கவுமில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். வண்டியிலிருந்தபடி பார்த்த சுரைக்காயும் அவ்வாறே கறிக்கு உதவாது என்பதை அன்று அறிந்தேன்.

வினாவுடன் சென்ற பயணம்

அடுத்த ஆண்டு அதே பாடசாலை ஆசிரியரும் நானும் கலந்து பேசி வேறு முறையைக் கைக்கொண்டோம். தூர இடத்தைத் தவிர்த்து, இரண்டு மணி நேரத்துக்குள் செல்லக்கூடிய ஒரு விதை நெற் பண்ணையைத் தெரிந்தோம். பார்ப்பதற்கு அந்த ஓரிடம் மட்டுமே. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னர், "ஒவ்வொருவரும் உங்கள் வீட்டு வயலிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ ஒரு வினாவைக் கொண்டு வாருங்கள். பெற்றோரைக் கேட்டு எழுதினாலும் சரி" என்று மாணாக்கருக்குக் கூறினோம்.

வந்த வினாக்கள் எம்மை வியப்பில் ஆழ்த்தின. "எங்கள் நெல்லில் ஏன் இவ்வளவு பதர்?" "மிளகாய் இலை சுருளுவது ஏன்?" "விதை மூட்டையில் எழுதிய எண்ணுக்கு என்ன பொருள்?" இவையெல்லாம் கமக்காரர் நாளாந்தம் தமக்குள் கேட்கும் வினாக்களே.

கடைசி வினாவைப் பண்ணையிலேயே தீர்த்துக் கொண்டனர். நெல்லினத்தின் பெயரிலுள்ள எழுத்து அவ்வினம் உருவாக்கப்பட்ட நிலையத்தைக் குறிப்பது. பிஜி எனின் பத்தலகொட. ஏரி எனின் அம்பலாந்தோட்டை. தொடர்ந்து வரும் எண் வயதை அறிவதற்கு உதவுவது. பிஜி 300 மூன்று மாத நெல். பிஜி 352, ஏரி 362 ஆகியவை மூன்றரை மாத நெல். பிஜி 403 நான்கு மாத நெல். பிஜி 450 நாலரை மாத நெல். இதனை அறிந்த பிள்ளை, குளத்து நீர் எத்தனை வாரத்துக்குப் போதும் என்ற கணக்குடன் விதை மூட்டையைப் பொருத்திப் பார்க்கும் அறிவைப் பெறுகின்றது.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி காகிதத்திற் சுற்றிய ஒரு நெற்கதிரைக் கொண்டு வந்திருந்தாள். "பார்வைக்கு நெல்லைப் போலவே இருக்கின்றது. ஆனால் அருவி வெட்டுக்கு முன்னரே மணி உதிர்ந்து போகின்றது. இது என்ன?" என்பது அவளது வினா. பண்ணை உத்தியோகத்தர் அக்கதிரைக் கையில் தட்டினார், மணிகள் உதிர்ந்தன. உமியை நீக்கிக் காட்டினார், அரிசி சிவந்திருந்தது. "இது களை நெல். உதிர்ந்த மணி மண்ணிலே கிடந்து அடுத்த போகத்திலும் முளைக்கும். தூய்மையற்ற விதை நெல்லுடனும், வேறு வயல்களில் வெட்டிவிட்டுக் கழுவாமல் வரும் அறுவடை இயந்திரத்துடனும் இது வயலுக்குள் வருகின்றது" என்று விளக்கினார். அன்று நாற்பது பிள்ளைகளும் அக்கதிரைக் கையிலெடுத்துப் பார்த்தனர். ஒருவரும் உறங்கவில்லை.

வீடு திரும்பிய அப்பெண், வயலில் இறங்கும் இயந்திரத்தைத் துப்புரவு செய்த பின்னரே இறக்க வேண்டும் என்று தகப்பனாருக்குக் கூறியிருக்கின்றாள். "உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பியது எனக்குப் பாடம் சொல்லவோ, பிள்ளை?" என்று அவர் சினந்தாராம். இரண்டு நாள் மகளுடன் பேசவுமில்லையாம். மூன்றாம் நாள் அவர் தனியே வயலுக்குச் சென்று, வரப்போரம் நின்ற ஒரு கதிரைத் தட்டிப் பார்த்திருக்கின்றார். பின்னர் என்னிடம் வந்து, "அவள் சொன்னது சரிதான் போல" என்றார்.

அடுத்த போகத்தில் அவர் அத்தாட்சிப்படுத்திய விதை நெல்லை வாங்கினார். விதைப்புக்கு முன் வயலுக்கு நீர் பாய்ச்சி, மண்ணிற் கிடந்த களை நெல்லை முளைக்க விட்டு, பின்னர் உழுது அழித்தார். தப்பி வளர்ந்தவற்றைக் கதிர் முற்றுமுன் குடும்பமாகப் பிடுங்கினர். இயந்திரம் வந்தபோது அதன் உள்ளே கிடந்த நெல்லையும் வைக்கோலையும் வெளியேற்றிய பின்னரே வயலில் இறங்க விட்டார். இரண்டு போகத்தில் களை நெல் முற்றாக ஒழிந்துவிடவில்லை, எனினும் குறைந்துவிட்டது. அந்த ஒரு பிள்ளையின் வினாவினால், வரப்புக்கு அப்பாலுள்ள அயல் வயற்காரரும் பயனடைந்தனர்.

தெரிவு செய்யத்தக்க இடங்கள்

முதற் சுற்றுலா அண்மையில் இருத்தல் நன்று. விதைப் பண்ணை, மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையம், நன்றாகப் பயிர் செய்யும் ஒரு கமக்காரரின் தோட்டம், காய்கறிச் சந்தை, நெல் ஆலை ஆகிய யாவும் பாடம் கற்பிக்கும் இடங்களே. யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளைகளுக்குத் திருநெல்வேலி ஆராய்ச்சி நிலையம் அண்மையிலுள்ளது.

தூரப் பயணம் செய்ய வசதியுண்டாயின், குருநாகல் மாவட்டத்திலுள்ள பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிறுவனம் காணத்தக்கது. 1952 ஆம் ஆண்டில் நெல் இனவிருத்தி நிலையமாகத் தொடங்கிய அவ்விடத்திலிருந்தே 1958 ஆம் ஆண்டில் எச்-4 என்னும் நெல்லினம் வெளிவந்தது. உங்கள் தகப்பனாரும் பாட்டனாரும் அதனை விதைத்திருப்பர். மிளகாய், வெங்காயம், பயறு ஆகியவற்றைச் செய்வோரின் பிள்ளைகளுக்கு அநுராதபுர மாவட்டத்து மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம் ஏற்றது. கன்னொறுவையிலே பயிரினங்களின் விதைகளைக் குளிரறைகளிற் பேணிவைக்கும் நிலையம் உள்ளது. அதன் அருகிலே 1821 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பேராதனைப் பூங்காவும் இருக்கின்றது. ஆயினும் ஒரு பகலுக்கு ஓரிடம், மிஞ்சினால் இரண்டிடம் என்பதே எமது அனுபவம். எவ்விடத்துக்குச் செல்வதாயினும் முன்கூட்டியே எழுதி நாள் பெறுதலும், கல்வி அலுவலகத்தின் அனுமதி பெறுதலும் அவசியம்.

இரு ஊர்ப் பிள்ளைகளின் பரிமாற்றம்

ஓர் ஊர்ப் பிள்ளைகள் மற்றோர் ஊருக்குச் சென்று அவர்தம் தொழிலைக் காண்பதும், அவ்வூர்ப் பிள்ளைகள் மறு முறை இங்கு வருவதும் பரிமாற்றம் எனப்படும். இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று ஆண்டுகளின் பின், 1948 இல், அமெரிக்காவிலே கமக்கார இளைஞரைப் பிற நாட்டுக் கமக்காரருடன் பரிமாறும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. சென்ற இளைஞர் விடுதிகளில் தங்கவில்லை. கமக்காரர் வீடுகளிலே தங்கி, வீட்டாருடன் சேர்ந்து தொழிலும் செய்தனர். விருந்தாளியும் வேலை செய்ய வேண்டும் என்ற அந்த ஒழுங்கை நாமும் கைக்கொள்ளலாம். அதற்கு நாடு விட்டு நாடு செல்ல வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பிள்ளைகளையும் கிளிநொச்சி நெற்செய்கைக்காரர் பிள்ளைகளையும் எண்ணிப் பாருங்கள். இடைத்தூரம் ஒரு காலைப் பயணம். ஆனால் நீரைப் பற்றிய அறிவிலே இரண்டும் இரு வேறு உலகம். ஒரு முறை குடாநாட்டிலிருந்து வந்த சிறுவன் ஒருவன், குளத்து மதகிலிருந்து வாய்க்காலிற் பாயும் நீரைக் கண்டு, "இதனை இறைப்பதற்கு மண்ணெண்ணெய்க் காசு யார் கொடுப்பது?" என்று கேட்டான். எமது பிள்ளைகள் சிரித்தனர். பின்னர் அவர்கள் அவனது ஊருக்குச் சென்று, கிணற்று நீரைப் பம்பியால் இறைத்துப் பாத்தி பாத்தியாக வெங்காயத்துக்குக் கட்டியபோது சிரிப்பு அடங்கிற்று. ஒரு பாத்திக்கு எவ்வளவு நீர் போதும் என்று அச்சிறுவன் கணக்காகச் சொன்னான். எமது பிள்ளைகளுக்கு அக்கணக்குத் தெரியாது.

குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழை நீர் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கிக் கீழே நன்னீராகத் தங்குகின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் நீர் மேலெழும். அளவுக்கு மிஞ்சி யூரியா இட்டால் அதன் ஒரு பகுதி நைத்திரேற்றாக மாறி, அதே கிணற்று நீரை அடையும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இக்குறை கண்டறியப்பட்டுள்ளது. கிளிநொச்சிப் பிள்ளை இதனைக் கிணற்றடியில் நின்று அறிதல் வேண்டும். அவ்வாறே குடாநாட்டுப் பிள்ளை, இரணைமடு போன்ற ஒரு குளத்தின் கீழ், விதைக்கும் நாளையும் நீர் விடும் நாளையும் கமக்காரர் கூட்டத்திலே கூடித் தீர்மானிப்பதைக் காணுதல் வேண்டும். கிணறு ஒருவர் உடைமை. குளம் பலர் உடைமை. கூடிச் செய்யாவிடின் கடைமடை வயல் காயும்.

சிங்களக் கிராமங்களின் பிள்ளைகளுடனும் இத்தகைய பரிமாற்றம் செய்யலாம். 1983 முதல் 2009 வரை நடைபெற்ற போரின் காலத்திலே, வடக்குக்கும் தெற்குக்குமிடையே பிள்ளைகள் இயல்பாகப் போய் வரும் நிலை இருக்கவில்லை. ஒரு தலைமுறை ஒருவரையொருவர் காணாது வளர்ந்தது. இன்று ஒரு தமிழ்ச் சிறுமி வரப்பிலே நின்று நெல்லைக் காட்டினால், மற்றவள் "வீ" என்பாள். வயலை "கும்புர" என்பாள். குளத்தை "வெவ" என்பாள். பதரைக் கண்டால் இருவருக்கும் மனம் ஒன்றே. இதற்கு நீண்ட சொற்பொழிவு வேண்டியதில்லை. ஒரு நாற்று மேடையில் இருவரையும் சேர்த்து நாற்றுப் பிடுங்க விட்டாற் போதும்.

உங்கள் வயலுக்குப் பிள்ளைகள் வரும்போது

பாடசாலையினர் உங்கள் வயலைக் காண விரும்பினால் மறுக்க வேண்டாம். பின்வருவனவற்றைக் கவனித்து நடந்து கொள்க.

1. பயிரைப் பார்த்து நாளைக் குறிக்க வேண்டும். நாற்று நடும் நாள், களை பிடுங்கும் நாள், அருவி வெட்டு நாள் ஆகியவை சிறந்தவை. காலை வேளையே ஏற்றது.

2. கிருமிநாசினியோ களைநாசினியோ தெளித்த வயலுக்குள், அதன் சுட்டியிற் குறித்த காலம் கடக்குமுன் பிள்ளைகளை விட வேண்டாம். மருந்துப் போத்தல்களையும் தெளிகருவியையும் பூட்டி வைக்க வேண்டும்.

3. காலில் வெட்டுக் காயமோ புண்ணோ உள்ள பிள்ளையைச் சேற்றில் இறக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் காயத்தின் வழியே தொற்றும். இறங்கியவர்கள் நல்ல நீரிற் கால் கழுவுதல் வேண்டும். பின்னர் சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், வயலில் இறங்கியதை வைத்தியரிடம் தவறாது கூறுமாறு பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும்.

4. கட்டில்லாத கிணறு, ஆழமான வாய்க்கால், குளத்து மதகு ஆகியவற்றை முன்னரே ஆசிரியருக்குக் காட்ட வேண்டும். குளிப்பதற்கு இடங்கொடுத்தலாகாது.

5. பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும். கையிற் கருவியைப் பிடித்த பிள்ளை கேட்கும் வினாவே நல்ல வினா.

6. நன்றாக விளைந்த பாத்தியை மட்டும் காட்ட வேண்டாம். பழுதடைந்ததையும் காட்டி, காரணத்தையும் கூறுக. 2021 ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டபோது நீங்கள் என்ன செய்தீர்கள், எவ்வளவு விளைந்தது என்பதையும் சொல்லலாம். செலவு வரவுக் கணக்கையும் மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் உண்மையைத் தாங்குவர்.

வீடு திரும்பிய பின்னர்

சுற்றுலா முடிந்த அன்று பிள்ளையை உறங்க விடுங்கள். மறுநாள் மாலை மூன்று வினாக்களைக் கேளுங்கள். "எதனைக் கண்டாய்? நம் வயலில் உள்ளதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? நாம் எதனைச் செய்து பார்க்கலாம்?" மூன்றாவது வினாவுக்கு வரும் மறுமொழி சிறிதாயினும், அதற்கு ஒரு பாத்தி நிலம் ஒதுக்கிக் கொடுங்கள்.

தொடங்குவதற்கு எளிதான ஒரு சோதனை உண்டு. விதைக்க வைத்திருக்கும் நெல்லில் நூறு மணியைப் பிள்ளை எண்ணி எடுத்து, ஈரத் துணியிற் சுற்றி, துணி காயாமல் ஒரு வாரம் வைக்கட்டும். பின்னர் முளைத்தவற்றை எண்ணட்டும். எண்பத்தைந்துக்கு மேல் முளைத்திருப்பின் விதைக்கலாம். அதற்குக் குறைந்தால், வயலில் இறைத்து நட்டமடையுமுன் வேறு விதை தேடலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. பிள்ளை எண்ணிச் சொன்ன எண்ணை நம்பி நீங்கள் ஒரு முடிவைச் செய்தீர்களாயின், அப்பிள்ளை கமத்தொழிலை இழிவாக எண்ணாது.

"என் பிள்ளை இந்தச் சேற்றில் இறங்க வேண்டாம், படித்து உத்தியோகம் பார்க்கட்டும்" என்று கூறும் பெற்றோர் பலரை நான் அறிவேன். கடன்பட்டு விதைத்து, மழையிலே கதிரை இழந்தவர் அவ்வாறு கூறுவதிற் குற்றமில்லை. எனினும் கல்விச் சுற்றுலா எல்லாப் பிள்ளைகளையும் கமக்காரராக்குவதற்கன்று. உத்தியோகம் பார்க்கச் செல்பவரும் தம் தகப்பனாரின் தொழிலை அறிந்து செல்லட்டும். கமத்திலே நிற்க விரும்புபவர், வேறு வழியில்லாமையால் அன்றி, கண்டு கற்றுத் தெரிந்து நிற்கட்டும். களை நெற்கதிரைக் கொண்டு வந்த அம்மாணவி இப்போது உயர்தர வகுப்பிலே விவசாய விஞ்ஞானம் படிக்கின்றாள். நாளை அவள் எத்தொழிலைத் தெரிவாள் என்பது அவள் விருப்பம். அவளது தகப்பனார் ஒவ்வொரு போகமும் விதை வாங்குமுன் அவளை ஒரு வார்த்தை கேட்கின்றார்.

உங்கள் ஊர்ப் பாடசாலையின் அடுத்த சுற்றுலாக் கடிதம் வரும்போது, ஒப்பமிடுவதோடு நின்றுவிடாது, ஆசிரியரைச் சந்தித்து எந்த இடம், எத்தனை மணி நேரம், என்ன வினாக்கள் என்று கேளுங்கள். இடத்தைத் தெரிவதற்கும், பண்ணைகளுடன் தொடர்பு கொள்வதற்கும், பிள்ளைகளுக்கு முன்விளக்கம் கூறுவதற்கும் உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியர் உதவுவார். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி ஆலோசனைச் சேவையையும் நாடலாம். பிள்ளை புறப்படுமுன், உங்கள் வயலிலிருந்து ஒரு வினாவை அதன் கொப்பியில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.